ஆங்கிலப் பேச்சுப் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன வாரம் எங்கள் குழுவின் இணையவழிக் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த தோழி ஒருவர் நல்ல யோசனை ஒன்றைச் சொல்லிவிட்டு, உங்கள் பாடத்தில் இருக்கிறபடியே "டூ யூ ஆல் அக்ரீ வித் மீ?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் அந்த 'வித் மீ' வந்து விழுந்ததுமே பேச்சு யோசனையை விட்டு அவர் பக்கம் திரும்பிவிட்டது. மறுத்தால் அவரையே மறுத்த மாதிரி, தலையாட்டினால் அவர் கட்சியில் சேர்ந்த மாதிரி. மைக்கை அணைத்து வைத்திருந்தவர்கள் அப்படியே இருந்துவிட்டார்கள். "ஓகே, தேங்க் யூ" என்று முடித்துக்கொண்டார். யோசனையும் அத்தோடு போயிற்று.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஆங்கிலம் புழங்கும் இடங்களில் "டஸ் தட் வொர்க் ஃபார் எவ்ரிஒன்?", "இஸ் எவ்ரிஒன் ஓகே வித் திஸ்?" என்று விஷயத்தைத்தான் முன்னே வைப்பார்கள். பேசி முடித்தபின் உறுதிசெய்துகொள்ள "ஸோ, ஆர் வி ஆல் அக்ரீட்?". யாருக்காவது தயக்கம் இருக்கும் என்று தோன்றினால் "எனி கன்சர்ன்ஸ் பிஃபோர் வி கோ அஹெட்?". எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது, மறுக்க நினைப்பவருக்கும் இதில் வழி இருக்கிறது. இவற்றைச் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம், யாருக்காவது ஆட்சேபமா என்று கேட்கும் "டஸ் எனிஒன் மைண்ட்?" பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள். சம்மதம் என்று நினைத்து நம் பிள்ளைகள் "எஸ்" என்கிறார்கள், கேட்டவர் அதை ஆட்சேபம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். சம்மதிக்க அங்கே "நோ, நாட் அட் ஆல்" வேண்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு "ஆல் இன் ஃபேவர்?" (ஆதரிப்பவர்கள் யார் யார்?) என்று சபை வாசகத்தைப் பயிற்சி கொடுத்து என்ன பயன்? அது தலைவர் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றும் இடத்துக்கு உரியது. பிரிட்டிஷ் மேலவையில் இன்றும் 'கன்டென்ட்' (சம்மதம்), 'நாட் கன்டென்ட்' (சம்மதமில்லை) என்றுதான் வாக்களிக்கிறார்கள், அதைச் சின்னக் குழுவில் யாரும் கேட்பதில்லை. வாக்கியம் சரியா தப்பா என்று மட்டும் திருத்திவிட்டு, எந்த இடத்தில் எதைச் சொல்வது என்பதைப் படிக்கிறவர் தலையிலேயே கட்டிவிடுகிறீர்கள். காசு கட்டிப் படித்தவர் அவ்வளவு பேர் முன்னால் வாயடைத்துப் போவது நியாயமே இல்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் அந்த ஒரு பாடத்தையாவது தயவுசெய்து மாற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பாடத்தில் படித்தவர்களோடு வேலை செய்யும் ஒருத்தி