எந்த மரக்காலில் அளக்கிறீர்கள்?

கோல்ஃபில் 'எக்காலத்துக்கும் தலைசிறந்தவர் யார்' என்று பட்டியல் போடும் விளையாட்டு எழுத்தாளர்களுக்கும், அதே கேள்வியை வைத்துத் தொலைக்காட்சியில் மணிக்கணக்காக வழக்காடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

2019 ஏப்ரல் 14 அன்று டைகர் உட்ஸ் அமெரிக்காவின் அகஸ்டாவில் ஐந்தாவது முறையாக மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். வென்றவருக்குத் தரும் பச்சைக் கோட்டை அவர் போட்டு முடிப்பதற்குள் நீங்கள் கணக்கில் இறங்கிவிட்டீர்கள். மேஜர் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் அவருடைய பட்டங்கள் 15 ஆகிவிட்டன, ஜாக் நிக்லஸின் 18-க்கு இன்னும் மூன்றுதான், எட்டுவாரா மாட்டாரா? 2021 பிப்ரவரியில் கார் விபத்தில் அவருடைய வலது கால் நொறுங்கி, எட்டுவது ஏறக்குறைய நடவாத காரியம் என்றான பிறகும் அந்த வழக்கு ஓயவில்லை.

நீ எந்தக் கட்சி என்று கேட்பீர்கள். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், உட்ஸ் கட்சிதான். 2000-ஆம் ஆண்டு யு.எஸ். ஓப்பனை 15 ஷாட் வித்தியாசத்தில் வென்ற ஆட்டத்தைப் பார்த்தவன் வேறு கட்சிக்குப் போவது கடினம். ஆனால் என் புகார் உங்கள் தீர்ப்பைப் பற்றியதல்ல. நீங்கள் அளக்கிற மரக்காலைப் பற்றியது.

முதலில் ஒரு பழைய பாக்கி. 2017-இல் உட்ஸை நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஏப்ரலில் முதுகில் நான்காவது அறுவைச் சிகிச்சை. மே மாதம் மருந்து மயக்கத்தில் கார் ஓட்டியதாகக் கைது. ஆண்டு முடிவதற்குள் உலகத் தரவரிசையில் ஆயிரத்துக்கும் கீழே. ஆள் முடிந்தார் என்றீர்கள். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன், அதனால் அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். 1986-இல் நிக்லஸும் முடிந்துபோனவர் என்று அட்லாண்டா நாளிதழ் ஒன்று எழுதியது. அதைக் கத்தரித்து அவர் தங்கியிருந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தார்கள். அந்த வாரமே, 46 வயதில், அவர் மாஸ்டர்ஸ் வென்றார். 'யானை படுத்தாலும் குதிரை மட்டம்' என்று இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

சொல்லாமல் விடுகிறேன், ஏனென்றால் டாம் வாட்சன் இருக்கிறார். 2009, டர்ன்பெரி, பிரிட்டிஷ் ஓப்பன். அறுபது வயதுக்கு இரண்டு மாதம்தான் பாக்கி; முந்தைய ஆண்டுதான் இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார். கடைசிக் குழியில் பார், அதாவது அந்தக் குழிக்கு விதித்த ஷாட் எண்ணிக்கை, எடுத்தால் பட்டம். எட்டாம் எண் இரும்பு மட்டையால் அவர் அடித்த பந்து குழியைச் சுற்றிய கிரீன் என்ற புல்தரையில் விழுந்து, நிற்காமல் பின்பக்கம் உருண்டு இறங்கிப் போனது. அங்கிருந்து மூன்று ஷாட் ஆயின. சமநிலையை முறிக்கும் பிளே ஆஃபில் ஸ்டூவர்ட் சிங்க் வென்றார். அந்தப் பந்து சில கெஜம் முன்னதாக நின்றிருந்தால், திரும்பி வந்து வென்ற கதைகளில் உட்ஸுடையதும் நிக்லஸுடையதும் இரண்டாம் இடத்துக்குப் போயிருக்கும். உங்கள் பட்டியலிலோ அந்த நான்கு நாள் ஆட்டத்துக்கு மதிப்பு பூஜ்யம்.

வென்ற நாளையாவது உங்கள் எண் ஒழுங்காகச் சொல்கிறதா? அந்த 2019 ஞாயிற்றுக்கிழமை புயல் மழை வரும் என்று காலையிலேயே ஆட்டத்தைத் தொடங்கி, மும்மூன்று பேராக அனுப்பினார்கள். இரண்டு ஷாட் முன்னிலையில் இருந்தவர் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோலினாரி. பன்னிரண்டாவது குழி வெறும் 155 கெஜம். கிரீனுக்கு முன்னால் ரேஸ் க்ரீக் ஓடை. மரங்களுக்கு மேலே காற்று எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கீழே நிற்கிறவருக்குப் பிடிபடாது. முன்னால் போன கோப்காவும் பூல்ட்டரும் பந்தைத் தண்ணீரில் விட்டிருந்தார்கள். மோலினாரியும் விட்டார். கூட ஆடிய டோனி ஃபினாவும் விட்டார். உட்ஸ் கொடியின் பக்கமே போகவில்லை. பங்கர் என்ற மணற்பள்ளத்துக்கு மேலாக, கிரீனின் அகலமான இடத்தில் பந்தை இறக்கி, பார் எடுத்துவிட்டு நடந்தார். பதினைந்தில் மோலினாரியின் பந்து மரக்கிளையில் உரசி மறுபடியும் தண்ணீர். உட்ஸுக்கு அங்கே பாருக்கு ஒன்று குறைவான பெர்டி, பதினாறிலும் பெர்டி. ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் பட்டம்.

அதற்கு முந்தைய 14 மேஜர்களிலும் மூன்றாம் நாள் இரவு அவர் முன்னிலையிலோ சம நிலையிலோதான் இருந்தார். பின்தங்கி நின்று வென்ற முதல் மேஜர் இதுதான். 21 வயதில் 12 ஷாட் வித்தியாசத்தில் மாஸ்டர்ஸ் வென்றவர், 43 வயதில் மற்றவர்கள் தவறும்வரை பொறுத்திருந்தார். உங்கள் கணக்கில் 1997-க்கும் ஒன்று, 2019-க்கும் ஒன்று.

இனி மரக்கால். மாஸ்டர்ஸ் பிறந்ததே 1934-இல். வால்ட்டர் ஹேகன் காலத்தில் வெஸ்டர்ன் ஓப்பனைப் பெரும் பட்டமாக மதித்தார்கள். அவர் அதை ஐந்து முறை வென்றார். உங்கள் பட்டியலில் அவருக்கு 11 மட்டுமே. பாபி ஜோன்ஸ் 1930-இல் ஒரே ஆண்டில் வென்ற நான்கு பட்டங்களில் இரண்டு அமெச்சூர் பட்டங்கள். நிக்லஸுடைய 18-கூட ஒரு காலத்தில் 20. இரண்டு யு.எஸ். அமெச்சூர் பட்டங்களைச் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிறகு கழித்துவிட்டார்கள். 1949-இல் பஸ் மோதிச் சிதைந்த உடம்போடு 1953-இல் மூன்று மேஜர்கள் வென்ற பென் ஹோகன் நான்காவதான பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் ஆடவேயில்லை. அதன் தேதிகள் பிரிட்டிஷ் ஓப்பனோடு மோதின. பெண்களை எடுத்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை. உட்ஸைப் போலவே 15 மேஜர்களை, அவருக்கு வெகு முன்பே, பேட்டி பெர்க் வென்றிருந்தார். ஆண்கள் சுற்றில் உட்ஸும் சாம் ஸ்னீடும் பகிர்ந்துகொள்ளும் 82 பட்டங்கள் என்ற அதே எண்ணிக்கை, பெண்கள் சுற்றில் மிக்கி ரைட்டுடையது. 'எக்காலத்துக்கும்' என்கிறீர்களே, அந்தக் காலத்துக்குள் இவர்கள் இருவரும் வரமாட்டார்களா?

இதைவிடவும் என்னை உறுத்துவது இன்னொன்று. 2019-இல் பதினெட்டாவது கிரீனை விட்டு வெளியே வந்த உட்ஸ் தன் மகனை வாரி அணைத்தது நினைவிருக்கும். 1997-இல் தந்தை ஏர்ல் அவரை அணைத்த காட்சியோடு சேர்த்து அதை நூறு தடவை ஓட்டினீர்கள். பையன் பெயர் சார்லி. உட்ஸ் தன் தாத்தா ஸ்தானத்தில் வைத்திருந்த சார்லி சிஃபோர்டின் பெயர் அது.

சிஃபோர்ட் கறுப்பினத்தவர். 'வெள்ளையர் மட்டும்' என்ற விதியை அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கமான பி.ஜி.ஏ. 1961 நவம்பரில்தான் நீக்கியது. அப்போது அவருக்கு வயது 39. நல்ல ஆட்டக்காரனின் நல்ல ஆண்டுகள் எல்லாம் வெளியே கழிந்துவிட்டன. அதன் பிறகும் 1967-இல் ஹார்ட்ஃபோர்டிலும் 1969-இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் வென்றார். மாஸ்டர்ஸ் அழைப்பு வந்ததா? கடைசிவரை இல்லை. அங்கே ஆடிய முதல் கறுப்பினத்தவர் லீ எல்டர், 1975-இல். அதே ஆண்டு டிசம்பரில்தான் உட்ஸ் பிறந்தார். நிக்லஸ் வென்ற ஆறு மாஸ்டர்ஸில் நான்கு, எல்டருக்குக் கதவு திறப்பதற்கு முன் வென்றவை. இதில் நிக்லஸின் குற்றம் எதுவும் இல்லை, அவர் ஆட்டத்தில் ஒரு குன்றிமணிகூடக் குறையாது. ஆனால் அந்தப் போட்டியில் யாரை வென்றார் என்று எழுதும்போது யார் ஆட முடியாதிருந்தது என்பதையும் எழுத வேண்டாமா?

2019 வெற்றிக்கு நீங்கள் சூட்டிய 'மீட்சி' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வரி. பட்டம் வென்றதால் உட்ஸ் நல்ல கணவரோ பொறுப்பான ஓட்டுநரோ ஆகிவிடவில்லை. ஆகவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. இரண்டையும் நீங்கள்தான் முடிச்சுப் போட்டீர்கள்.

பட்டியலே போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போட்டால் நானும் படிப்பேன், சண்டைக்கும் வருவேன். கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஏப்ரலில் திரையில் 18, 15 என்று காட்டும்போது, எந்த ஆண்டிலிருந்து எந்தப் போட்டிகளை எண்ணினீர்கள் என்று கீழே ஒரு வரி போடுங்கள். சிஃபோர்டைச் சேர்த்தால், மாஸ்டர்ஸ் கட்டத்தில் அவருக்குப் பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் ஆடித் தோற்றவருக்கு உரியது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, 'அழைக்கப்படவில்லை' என்று பக்கத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கோல்ஃப் ரசிகன்