பாட்டு நின்ற வீடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘தி கலர் பர்ப்பிள்’ படத்தின் புதிய வடிவத்தைப் போன வாரம் மகளோடு வீட்டில் பார்த்தேன். “அடி வாங்குகிற பெண்ணின் கதையில் ஆட்டமும் பாட்டும் எதற்கு?” என்று தோழி ஒருத்தி முன்பே கேட்டிருந்தாள். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. படம் பார்த்த பிறகு இல்லை.

ஆலிஸ் வாக்கரின் 1982ஆம் ஆண்டு நாவலை 1985இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் படமாக்கினார். 2005இல் அது பிராட்வேயில் இசை நாடகமானது. அந்த மேடை வடிவத்திலிருந்து பிளிட்ஸ் பசாவூலே 2023இல் எடுத்ததுதான் இந்தப் படம். கதை அதேதான். ஜார்ஜியாவில் சீலி என்ற கறுப்பினப் பெண் பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்து, தங்கையைப் பிரிந்து, கணவனிடம் வதைபடுகிறாள். தங்கை எழுதும் கடிதங்களைக்கூட அவன் ஒளித்து வைக்கிறான்.

என்னை உலுக்கியவள் சீலி அல்ல, சோஃபியா. கணவன் கை ஓங்கியதும் ‘முடியவே முடியாது’ என்று ஊர் அதிரப் பாடிவிட்டு வெளியேறுகிறவள். மேயர் மனைவியின் வீட்டு வேலைக்குப் போக மறுத்ததில் தொடங்கும் தகராறு அவளைச் சிறையில் தள்ளுகிறது. திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் உட்காரும்போது பேச்சே இல்லை. பழைய படத்தில் சோஃபியாவாக நடித்த ஓப்ரா வின்ஃப்ரேயும் அப்படித்தான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார், அன்றும் அழுதேன். ஆனால் இந்தப் படத்தின் சோஃபியாவான டேனியல் புரூக்ஸின் குரலை அவ்வளவு உரக்கக் கேட்டுவிட்டு, அதே வாய் மூடிக் கிடப்பதைப் பார்ப்பது தாங்கவில்லை. முதலில் பாட்டு இருந்ததால்தான் அது போனது தெரிந்தது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. சிங்கப்பூரின் 1985 பொருளாதார மந்தத்தில் கப்பல் பட்டறையில் ஆட்குறைப்பு செய்தார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று. அம்மா தேக்கா வட்டாரத் தையல்கடைக்காக வீட்டிலிருந்தே ரவிக்கை தைக்கத் தொடங்கினார். அதுவரை சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் வானொலியோடு சேர்ந்து பாடுகிறவர். பணக்கஷ்டத்தை எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பாடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். எங்கள் மூவறை வீட்டில் இரவெல்லாம் தையல் இயந்திரச் சத்தம்தான். அக்காவுக்கு வேலை கிடைத்த மாதம், ஒரு காலை அடுப்படியிலிருந்து மறுபடி பாட்டு கேட்டது. படுக்கையிலேயே அசையாமல் கிடந்து கேட்டோம்.

சீலி கால்சட்டைக் கடை வைக்கும் காட்சியில் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டியின் இயந்திரத்தை அவள் அறிவாள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஒளித்து வைத்த கடிதங்கள் கிடைக்கும் பகுதியைப் படம் சீக்கிரம் கடந்துவிடுகிறது. ஊரிலிருந்து வரும் கடிதத்துக்காகக் காத்திருந்த குடும்பங்களில் வளர்ந்த நமக்கு அது போதாது.

ஆட்குறைப்பு, தையல் கூலி, ஊருக்கு அனுப்பிய பணம் எல்லாம் நம் வீடுகளில் நடந்தவை. அவற்றை இப்படிப் பாட்டோடு சொல்ல நம் நாடகக் குழுக்களோ வசந்தம் தொலைக்காட்சியோ முன்வர வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அம்மா பாடிய பாடல்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் தருவேன்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்