குத்துக்கல்லுக்கும் ஒரு நாள் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளைச் சைக்கிளில் கடந்தவரின் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். 297 கிலோமீட்டர், பத்துத் தீவுகள், மூன்றே நாள். அவருடைய தெம்பைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் லூயிஸ் தீவிலுள்ள கேலனிஷ் கல்வட்டத்துக்கு அவர் கொடுத்தது ஒரே வரி: வழியில் சில பழங்காலக் கல்தூண்களையும் பார்த்தாராம். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

போன ஜூனில் நானும் என் மகளும் கிளாஸ்கோவிலிருந்து கிளம்பி அதே வழியில் போனோம். எங்களுக்கு ஒன்பது நாள் பிடித்தது. தெற்கே வாட்டர்சேயில் தொடங்கினால் தென்மேற்குக் காற்று முதுகைத் தள்ளும் என்பார்கள். எங்கள் நேரம், காற்று வடக்கிலிருந்து வீசியது. பென்பெக்யுலா தீவில் மேடே கிடையாது. அங்கேயே இறங்கித் தள்ளினோம். எங்களை நின்று நின்று பார்க்க வைத்தது அந்தக் காற்றுதான்.

தெற்கு யூயிஸ்ட் தீவில் டாலிபர்க் ஊருக்கு அருகே, கடற்கரையை ஒட்டி, கிளாட் ஹலன் இருக்கிறது. பார்ப்பதற்குப் புல் மண்டிய வட்டச் சுவர்த் தடங்கள், அவ்வளவுதான். வேகமாக மிதிப்பவர் கண்ணில் படவே படாது. வெண்கலக் காலத்து வீடுகள் அவை. தரைக்கடியில் கிடைத்த உடல்களில் சில, புதைத்த நாளிலேயே இறந்து பல நூறு ஆண்டுகள் ஆனவை. அதுவரை பதப்படுத்தி வைத்திருந்திருக்கிறார்கள். அதிலும் ஓர் எலும்புக்கூடு மூன்று ஆட்களின் எலும்புகளைச் சேர்த்து ஒரே ஆள்போல அமைத்தது. "பாட்டன், பூட்டன், ஓட்டன் மூணு பேரையும் ஒண்ணா ஆக்கிட்டாங்களாம்மா?" என்றாள் மகள். எனக்குப் பதில் தெரியவில்லை.

வடக்கு யூயிஸ்ட்டின் பார்ப்பா லாங்கஸ் என்ற பழங்காலக் கல்லறைக் கற்குவை சாலையிலிருந்து சில நிமிட நடைதான். லூயிஸில் சுண்ணாம்பே இல்லாமல் இரட்டைச் சுவராக எழுப்பிய கார்லவே கோட்டைவீடு, இன்றும் ஒரு பக்கம் ஒன்பது மீட்டர் உயரம் நிற்கிறது. இரண்டும் கட்டுரையில் இல்லை.

கேலனிஷுக்கு வருகிறேன். தூண் என்றால் எதையாவது தாங்க வேண்டும். இவை எதையும் தாங்கவில்லை. குத்துக்கல், நெடுங்கல் என்று நம்மிடமே சொல் இருக்கிறதே! நடுவே 4.8 மீட்டர் உயரத்தில் ஒற்றைக்கல், அதைச் சுற்றிப் பதின்மூன்று. நட்டு ஏறக்குறைய 5000 ஆண்டுகள் ஆகின்றன. கல்லுக்கோ வயது 300 கோடி ஆண்டுகள். கிட்டப் போய்ப் பார்த்தால் வைரம் பாய்ந்த மரம்போல வரிவரியாக ஓடுகிறது.

பீட் என்கிற கரிச்சேறு காலப்போக்கில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு இவற்றை மூடிக்கொண்டது. 1857இல் அதை வெட்டி அகற்றச் செய்தவர் ஜேம்ஸ் மேத்திசன். இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவில் விற்றுச் சேர்த்த காசில், 1844இல் லூயிஸ் தீவையே விலைக்கு வாங்கியவர். அபின் காசில்தான் அந்தக் கற்களின் கால் வெளியே தெரிந்தது என்று அறிந்தபின் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

கட்டுரையாளர் மறுபடி போவதானால் ஒரு யோசனை. லூயிஸிலும் ஹாரிஸிலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டிக் கிடக்கும். ரொட்டியைச் சனிக்கிழமையே வாங்கிவிடட்டும். நாங்கள் வாங்கவில்லை. கேலனிஷில் ஒரு கல்லின் மறைவில் காற்றுக்கு ஒதுங்கி, பாதி பாக்கெட் பிஸ்கட்டை எண்ணி எண்ணித் தின்றுகொண்டு மாலை வரை உட்கார்ந்திருந்தோம், குத்துக்கல் மாதிரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிளாஸ்கோ