ஏழு மாதமாகக் கேட்கிறேன்: என் வண்டியின் கூலன்ட் எங்கே போகிறது?

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி அவர்கள்,
இந்தியத் தலைமை அலுவலகம்.

அனுப்புநர்
உங்கள் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய கோயம்புத்தூர்க்காரன். (பெயர், போன் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் ஆறு புகார் எண்களின் கீழ் ஏற்கெனவே இருக்கின்றன. ஏழாவது தடவை எழுத எனக்குத் தெம்பில்லை.)

பொருள்: கூலன்ட் எச்சரிக்கை மெசேஜ், இரண்டு தடவை ரிப்பேர் செய்தும் தீராதது, வாரண்டி மறுப்பு.

ஐயா / அம்மா,

வணக்கம். இந்தக் கடிதத்தை மரியாதையாகவே முடிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பிக்கிறேன்.

ஜனவரி 8ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு வண்டியை ஸ்டார்ட் செய்தபோது, எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் தண்ணீரின் அளவைப் பார்க்கச் சொல்லி முதல் தடவையாக அந்த மெசேஜ் வந்தது. அது எப்போது மஞ்சளாக வரும், எப்போது சிவப்பாகும் என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வண்டி உங்களுடையது. உதவி எண்ணைக் கூப்பிட்டேன். "குளிருக்கு அப்படித்தான் சார் வரும், மேல கொஞ்சம் ஊத்திட்டு ஓட்டுங்க" என்றார்கள். குளிரில் கூலன்ட் சுருங்கி மட்டம் கொஞ்சம் இறங்கும் என்பது சரிதான். ஊற்றினேன். அடுத்த 600 கிலோமீட்டரில் அரை லிட்டர் காணோம். கோயம்புத்தூர்க் குளிருக்கு அரை லிட்டர் சுருங்குமா?

நான் பம்ப் செட் செய்கிறவன். பீளமேட்டில் சின்னப் பட்டறை. ஒவ்வொரு பம்ப் பாடியையும் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் கொடுத்து, எங்காவது கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் பெயின்ட் அடிக்கவே அனுப்புவோம். அதனால் எனக்கு இருந்தது ஒரே ஒரு கேள்விதான். தண்ணீர் குறைகிறது என்றால் எங்கேயோ போகிறது. எங்கே போகிறது? இந்தக் கேள்வியை நான் உங்கள் ஆட்களில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மெசேஜ் வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்த்தார்கள்.

எங்கள் ஊரில் உங்களுக்கு சர்வீஸ் சென்டர் கிடையாது. பக்கம் என்றால் கொச்சிதான், போக 190 கிலோமீட்டர். பிப்ரவரியில் நானே ஓட்டிக்கொண்டு போனேன். மெசேஜ் வளைவில் வருகிறது, நேர் ரோட்டில் போய்விடுகிறது என்று நான் சொன்னதும், "சென்சார் போயிடுச்சு சார்" என்று இரண்டே நிமிடத்தில் தீர்ப்பு. கூலன்ட் மட்டத்தைக் காட்டும் புதுச் சென்சார், கூலி, வரி சேர்த்து 19,400 ரூபாய். மின்சார பாகம் வாரண்டியில் வராதாம். திரும்பி வரும்போது வாளையாறு தாண்டவில்லை, அதே மெசேஜ்.

கூலன்ட் டேங்கில் மட்டம் குறைந்தபட்சக் கோட்டை ஒட்டி நின்றால், வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாயும், சென்சாரின் மிதவை இறங்கும். வண்டி நேரானதும் ஏறும். அதாவது சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. இந்த விவகாரம் முழுவதிலும் ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான். அதைத்தான் கழற்றிப் போட்டீர்கள்.

இப்போது அந்த சனிக்கிழமைக்கு வருகிறேன். வால்பாறை ரோட்டில் வண்டி நின்ற கதை இதற்கு முன்னால் வர வேண்டும், பின்னால் சொல்கிறேன். ஏனென்றால் பணம் போனதைவிட எனக்கு இன்னும் நெஞ்சில் கிடப்பது அந்த சனிக்கிழமைதான்.

ஏப்ரல் மாதம். வண்டி உங்களிடம் 11 நாளாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் சர்வீஸ் அட்வைசர் போன் செய்து "வண்டி ரெடி சார், வந்து எடுத்துக்கங்க" என்றார். மறுநாள் விடிகாலை ரயிலைப் பிடித்து எர்ணாகுளம் போய், ஆட்டோ பிடித்து, பத்தேகாலுக்கு உங்கள் வாசலில் நிற்கிறேன். வண்டி லிஃப்ட்டில் மேலே தொங்குகிறது. பின் சக்கரம் இரண்டும் தரையில் கிடக்கின்றன. அட்வைசர் எங்கே என்றால் மீட்டிங். ஒரு மணிக்குச் சாப்பாடு. இரண்டே முக்காலுக்கு வந்தார். நடுவில் எனக்குக் கிடைத்தது காகிதக் கப்பில் ஒரு காபி, அதுவும் மெஷின் காபி.

சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். அவரிடம் நான் சொன்னது இது: பின் டிக்கியில் கார்ப்பெட் ஒரு ஓரமாக ஈரமாக இருக்கிறது, கை வைத்தால் பிசுபிசுக்கிறது, தித்திப்பாக ஒரு வாடை வருகிறது, கொஞ்சம் பாருங்கள். கூலன்ட் டேங்க் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த டிக்கிக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது, மூடியும் அங்கேதான். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "ஜூஸ் ஏதாவது கொட்டியிருக்கும் சார். வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா?"

இரண்டு சீட் வண்டி, ஐயா. சின்னப் பசங்களை நான் எங்கே உட்கார வைப்பேன், டிக்கியிலா?

பக்கத்தில் நின்ற இரண்டு பையன்களும் சிரித்தார்கள். நான் தலை நரைத்தவன். 31 வருஷமாகத் தொழில் செய்கிறேன். என்னிடம் பத்தாயிரம் ரூபாய் பம்ப் வாங்கிய விவசாயி, கிணற்றடியிலிருந்து போன் செய்து தண்ணீர் ஏறவில்லை என்றால், நான் ஆள் அனுப்புவேன்; ஃபுட் வால்வைப் பார், சக்‌ஷன் பைப்பைப் பார் என்பேன். "நீங்க ஜூஸ் கொட்டினீங்களா" என்று கேட்கமாட்டேன். அந்தத் தித்திப்பு வாடை கூலன்ட் வாடை; அதில் இருப்பது எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம். தித்திப்பாக இருக்கிறதே என்று நாய் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது. அந்த அட்வைசருக்கு இது தெரியாதா, தெரிந்தும் சிரித்தாரா என்பதை நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் வண்டி இல்லாமலே ஊர் திரும்பினேன். இரவு வீட்டுக்குள் நுழையும்போது செல்லில் ஒரு எஸ்.எம்.எஸ்.: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது."

வால்பாறை கதை. மார்ச் கடைசி ஞாயிறு, நானும் மச்சானும் போனோம். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். இந்த மாதிரி ரோட்டுக்காகத்தானே ஐயா இந்த வண்டியை வாங்குகிறோம்? ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ பாயின்ட் பக்கம் போகும்போது மெசேஜ் சிவப்பாகி, வெப்பநிலை முள் ஏறிவிட்டது. ஓரம் கட்டினேன். பின்னால் ஃபேன் ஓடுகிறது, ஆவி வருகிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "மூடியைத் திறந்து தண்ணி ஊத்துங்கண்ணா" என்கிறார்கள். சூட்டில் திறந்திருந்தால் இன்று இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கமாட்டேன், என் வக்கீல் எழுதியிருப்பார். உள்ளே ஒரு பார் அழுத்தம் கூடினாலே வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியில்தான் கொதிக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய் கொதிதண்ணீரும் ஆவியுமாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். உங்கள் உதவி எண்ணில் அன்று பேசியவரும் "திறந்து தண்ணி விட்டுப் பாருங்க" என்றுதான் சொன்னார். கால் பதிவு உங்களிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். ரெக்கவரி வண்டி வர நாலரை மணி நேரம். கொச்சி வரைக்கும் 22,000 ரூபாய்.

அந்த 11 நாளில் நீங்கள் செய்தது: சூட்டுக்குத் தக்கபடி கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினீர்கள். மூடியை மாற்றினீர்கள். முன்னால் இரண்டு பக்கமும் இருக்கும் ரேடியேட்டர்களில் சருகு அடைத்திருக்கிறது என்று கழுவினீர்கள். 41,750 ரூபாய். பில்லின் கடைசி வரியில் "ஒழுகல் எதுவும் காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்து. அழுத்தம் கொடுத்துக் கசிகிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்தீர்களா என்று கேட்டேன். இந்த மாடல் டேங்குக்குப் பொருந்தும் அடாப்டர் பெங்களூருக்குப் போயிருக்கிறது, வந்ததும் பார்க்கலாம் என்றார்கள். அப்படியானால் காணப்படவில்லை என்று எதை வைத்து எழுதினீர்கள்? ஆறிப்போன எஞ்சினை எட்டிப் பார்த்தா?

ஜூன் மாதம் மறுபடியும் மெசேஜ். இந்தத் தடவை உங்களைக் கூப்பிடவில்லை. உக்கடம் பக்கம் லாரி ரேடியேட்டர் வேலை செய்யும் ஒரு பெரியவரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். வீட்டுக்கு வந்தார். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினார், முகர்ந்தார், டார்ச் அடித்து டேங்கைப் பார்த்தார். பிளாஸ்டிக்கின் இரண்டு பாதியும் ஒட்டியிருக்கும் கோட்டில் விரலை ஓட்டி என்னிடம் நீட்டினார். விரல் நுனியில் இளஞ்சிவப்பாக உப்புப் பூத்த மாதிரி பொடி. காய்ந்த கூலன்ட். அப்புறம், நீங்கள் மாற்றிவிட்டு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தீர்களே பழைய மூடி, அதைக் கேட்டு வாங்கினார். நடுவில் துளை போட்டு, டியூப் வால்வு ஒன்றைச் செருகி இறுக்கி, டேங்கில் மாட்டி, சைக்கிள் பம்பால் அடித்தார். மீட்டரில் 15 பி.எஸ்.ஐ. (கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம்) வந்ததும் நிறுத்திவிட்டு டீ கேட்டார். டீ வருவதற்குள் அந்தக் கோட்டில் ஒரு துளி முத்து மாதிரி திரண்டு நின்றது. "டேங்க் விட்டிருச்சுங்க. சூடாகி அழுத்தம் ஏறுனா வாயத் தொறக்கும், ஆறுனா மூடிக்கும்" என்றார். மொத்தம் இருபது நிமிடம். காசு வாங்க மறுத்தார். நான்தான் பையில் 500 ரூபாய் வைத்தேன்.

உங்களுக்கு அடாப்டர் வேண்டும், பெங்களூர் வேண்டும், 11 நாள் வேண்டும். அவருக்கு ஒரு சைக்கிள் பம்ப் போதுமாக இருந்தது.

இதை போட்டோ, வீடியோவோடு உங்களுக்கு அனுப்பினேன். நன்றி சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம். வந்த பதில்: வெளியாள் கை வைத்ததால் கூலிங் சிஸ்டத்துக்கு வாரண்டி ரத்து, டேங்க் மாற்ற எஸ்டிமேட் 1,86,000 ரூபாய். அவர் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை. துளை போட்டது என் பழைய மூடியில், அதற்கு நான் பணம் கட்டிவிட்டேன்.

என் நஷ்டத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ரெக்கவரிக்கும் கட்டியது 83,150 ரூபாய். ரயில், ஆட்டோ, ஹோட்டல் தனி. அந்த சனிக்கிழமை ராஜ்கோட்டிலிருந்து வந்த வியாபாரியை நான் பார்க்க முடியவில்லை. 14 லட்ச ரூபாய் ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. எனக்கு பி.பி. மாத்திரை ஒன்றாக இருந்தது இரண்டாகிவிட்டது. என் மனைவி அந்த வண்டியை "தண்ணி வண்டி" என்றுதான் கூப்பிடுகிறாள், சொந்தக்காரர்கள் முன்னாலும். 46 லட்சம் கொடுத்து வாங்கிய வண்டி. இதற்கெல்லாம் சேர்த்து 25 லட்சம் கேட்டாலும் தப்பில்லை என்கிறார் என் வக்கீல். வண்டியையே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

மிரட்டுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கொச்சிக்கோ உங்கள் தலைமை அலுவலகத்துக்கோ அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் கோவை மாவட்ட ஆணையமே போதும். அந்த "ஒழுகல் காணப்படவில்லை" பில்லும், முத்து மாதிரி துளி நிற்கும் வீடியோவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆணையத்துக்கு அதிக நேரம் ஆகாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் கூப்பிடுவேன். வழக்கு என்று வந்தால் அலையப்போவது உங்கள் ஆட்கள்தான். காபி நான் வாங்கித் தருகிறேன், நல்ல ஃபில்டர் காபி.

அது வரை போக எனக்கு உண்மையிலேயே விருப்பமில்லை. வண்டி நல்ல வண்டி. அதன் சத்தத்தைக் கேட்டுத்தான் வாங்கினேன், இப்போதும் பிடிக்கத்தான் செய்கிறது. எனவே தயவுசெய்து இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள், வாரண்டி ரத்து என்ற பதிலை வாபஸ் வாங்கி, டேங்கை உங்கள் செலவில் மாற்றி, மாற்றிய பின் பிரஷர் டெஸ்ட் செய்த ரிப்போர்ட்டை எழுத்தில் கொடுங்கள். தேவையில்லாமல் மாற்றிய சென்சாருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இதைச் செய்தால் ராஜ்கோட் ஆர்டரைப் பற்றி நான் பேசமாட்டேன்.

வண்டி என் பட்டறை ஷெட்டில் தார்பாலின் போட்டு நிற்கிறது, டேங்குக்கு நேர் கீழே ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறேன். ரெக்கவரி வண்டியை உங்கள் செலவில் அனுப்புங்கள். அடாப்டர் பெங்களூரிலிருந்து வந்துவிட்டதா என்று விசாரித்த பிறகு அனுப்புங்கள். வேலை முடிந்ததும் வேறு யாராவது எனக்கு போன் செய்யட்டும். "ரெடி சார்" என்ற அந்த அட்வைசர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.