அலாரம் அடிச்சா எங்க அலட்சியம்தானா ஐயா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல படகு இன்ஜின் பராமரிப்பு பத்தி வந்த கட்டுரைய என் மகன் சத்தமா படிச்சான். "ஓவர்ஹீட் அலாரம் அடிக்க மீனவர்களின் அலட்சியமே காரணம், உடனே இன்ஜினை அணைத்துவிட்டு மெக்கானிக்கை அழைக்கவும்"னு ஒரு வரி வந்ததும் நிறுத்திட்டு என் முகத்த பாத்தான். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. 26 வருஷமா வேதாரண்யம் பக்கம் கடலுக்கு போறவன் நான். கரையிலருந்து ஏழு மைலு, வாடைக்காத்து, இருட்டு, அங்க எந்த மெக்கானிக்க ஐயா கூப்பிடுறது?

போன மார்கழில நடந்தத சொல்றேன். நானும் தம்பியும் வலைய இழுத்து போட்டுட்டு திரும்புறோம், இன்ஜின் சூடாயிடுச்சுன்னு அலாரம் பீப்னு விடாம அடிக்குது, இன்ஜின் தானாவே வேகத்த குறைச்சிடுச்சு. இன்ஜின குளிர வைக்க உறிஞ்சுற கடல் தண்ணில கொஞ்சம் பின்னால ஒரு ஓட்டை வழியா வெளிய பீச்சும், அந்த ஓட்டைல கைய வச்சேன், விரல் தடிமன் பீச்ச வேண்டிய தண்ணி நூல் மாதிரி சுடச்சுட ஒழுகுது. உடனே ஆஃப் பண்ணி இன்ஜின தூக்குனோம். அடில தண்ணி உறிஞ்சுற சல்லடைய ஒரு பிளாஸ்டிக் பை தோல் மாதிரி ஒட்டி மூடியிருக்கு, அது மேல சொறிமீனு வேற வழவழன்னு. தம்பி குனிஞ்சு பிச்சு எடுத்தான், நான் தூண்டி நரம்ப அந்த பீச்சுற ஓட்டைல விட்டு குத்தி விட்டேன். ஆயில் குறைஞ்சாலும் எங்க இன்ஜின்ல இதே சத்தம்தான், அதனால டார்ச் அடிச்சு ஆயில் அளவு பாக்குற குச்சியையும் பாத்தேன், ஆயில் சரியா இருந்துச்சு. ஆறட்டும்னு விட்டுட்டு ஸ்டார்ட் பண்ணா பத்து நிமிஷத்துல மறுபடியும் பீப். கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு, இப்படியே கரை சேர மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, மீனுக்கு போட்டிருந்த ஐஸ் பாதி கரைஞ்சுடுச்சு.

கரையில கழட்டி பாத்தா, பம்புக்குள்ள சுத்தி தண்ணிய தள்ளுற ரப்பர் சக்கரம், அதான் இம்பெல்லர், அதுல ரெண்டு இறக்கை முனை இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி நானே புதுசா மாத்துன ரப்பர் அது! உடைஞ்ச துண்டுங்கள தேடி, ஒண்ணு குழாய்க்குள்ள மேல போய் சிக்கியிருந்தத எடுத்தோம், அத விட்டிருந்தா புது இம்பெல்லர் போட்டாலும் மறுபடி சூடாகும். இதெல்லாம் செஞ்சவன் அலட்சியக்காரனா?

ரெண்டு மாசத்துல ஏன் போச்சுன்னு கேளுங்க. மணல். எங்களுக்கு படகு கட்டுற துறை கிடையாது, அலையில தள்ளி விடுறப்ப முழங்கால் தண்ணில இன்ஜின ஸ்டார்ட் பண்ணியாகணும், பம்பு தண்ணியோட மணலையும் சேத்து உறிஞ்சும், மணல் ரப்பர அரம் மாதிரி அறுக்கும். அலைய தடுக்க கடலுக்குள்ள கல்லு கொட்டி கட்டுற தூண்டில் வளைவு கேட்டு எத்தன மனு குடுத்தோம்னு உங்களுக்கே தெரியும், நீங்களே செய்தி போட்டிருக்கீங்க. டெய்லி பத்து நிமிஷம் நல்ல தண்ணில இன்ஜின ஓட்டி கழுவணும்னும் எழுதியிருக்கீங்க. சரிதான், கழுவலேன்னா உள்ள உப்பு கட்டும், சூட்டுக்கு தக்கன தண்ணிய திறந்து விடுற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கும், தண்ணி நல்லா பீச்சுனாலும் அலாரம் அடிக்கும். ஆனா எங்க பொம்பளைங்க குடிதண்ணிக்கே குடத்தோட வரிசைல நிக்கிறாங்க, அந்த தண்ணிய டிரம்முல ஊத்தி இன்ஜினுக்கு விடுங்கன்னு எந்த வாயால நான் வீட்ல சொல்றது?

2004 சுனாமிக்கு அப்புறம் பைபர் போட்டும் இன்ஜினும் குடுத்தாங்க, குடுத்தவங்கள என்னிக்கும் மறக்க மாட்டோம். ஆனா எங்களுக்கு கூட வந்த புக்கு இங்கிலீஷ்ல, பம்பு எங்க இருக்குன்னு கூட யாரும் காட்டல. ஒரு இன்ஜின வீணாக்கித்தான் கத்துக்கிட்டேன். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப இன்ஜினெல்லாம் சேத்துல புதைஞ்சு கெடந்துச்சு. எத்தன படகு சேதம்னு உங்க இதழ் எழுதுச்சு, சேறு புகுந்த இன்ஜின எப்படி கழுவி எடுக்குறதுன்னு ஒரு வரி வரல. அப்பவும் மனசு வலிச்சுது, எழுதல. இப்ப அலட்சியம்னு எழுதிட்டீங்க, அதான் எழுதுறேன்.

உங்க இதழ இத்தன வருஷமா காசு குடுத்து வாங்குற உரிமைல ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அடுத்த இதழ்ல அந்த வரி தப்புன்னு போடுங்க. அந்த இடத்துல தண்ணி பீச்சுற ஓட்டை, சல்லடை ரெண்டுக்கும் பெருசா ஒரு படம் போடுங்க, எங்க பசங்க கிழிச்சு படகுல ஒட்டி வச்சுக்குவாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன், ஒரு மீனவன்
வேதாரண்யம் வட்டம்