ஆறடி சமதளம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குன்னூர், ஊட்டிப் பக்கம் பையன்கள் கம்பியில் தொங்கிச் செய்கிற காலிஸ்தெனிக்ஸ் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். படங்கள் அருமை. பையன்களின் பேச்சையும் அப்படியே போட்டிருந்தீர்கள். ஆனால் செல்போனில் ரீல்ஸ் பார்த்துத்தான் இது மலைக்கே வந்தது என்கிற மாதிரி கட்டுரை முடிந்ததை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அருவங்காட்டில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு தேகப்பயிற்சிக் கழகம் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது, ரசீதுப் புத்தகம் கிடையாது. 'பார் கொட்டகை' என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். தகரக் கூரை, ஒரு சிங்கிள் பார், கற்பூர மரத்தில் செதுக்கிய ஒரு டபுள் பார், மூலையில் நாலைந்து கர்லாக்கட்டை, ஒரு அனுமார் படம். சொத்து அவ்வளவுதான். எழுதி வைத்த வரலாறு இல்லை என்பதற்காக வரலாறே இல்லை என்று ஆகிவிடாதே, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீலகிரியில் கம்பி எப்படி வந்தது என்று பார்த்தால், ராணுவத்தை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. இன்று வெலிங்டன் என்கிற இடம் அன்றைக்கு ஜக்கதலா. 1850களில் அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெரிய பாரக்ஸ் கட்டினார்கள். கிரிமியப் போரில் தங்கள் ஆட்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிரிட்டிஷ் ராணுவம், 1860 வாக்கில் 12 பேரைப் பொறுக்கி எடுத்து ஆக்ஸ்போர்டில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய ஆர்ச்சிபால்ட் மக்லாரனிடம் அனுப்பியது. கயிறு, ஏணி, கம்பி, டபுள் பார் என்று அவர் வகுத்த முறைதான் பிறகு ராணுவத்தின் முறையாக ஆனது. சிப்பாய் செய்வதை வேலிக்கு வெளியே இருந்து பார்த்தவர்கள் சும்மா இருந்திருப்பார்களா? 1947 முதல் மதராஸ் ரெஜிமென்ட் மையமும் வெலிங்டனில் இருக்கிறது. அதற்குப் பிறகு பயிற்சி எடுப்பவர்கள் நம் ஆட்களே என்றானபோது வேலி இன்னும் மெலிந்து போனது. எங்கள் கொட்டகையில் கம்பி ஏறக் கற்றுக்கொடுத்த பெரியவர்களில் பாதிப் பேர் பென்ஷன் வாங்கிய சிப்பாய்கள்தான்.

அதற்காக எல்லாமே துரை கொடுத்த கொடை என்று முடித்துவிட வேண்டாம். கர்லாக்கட்டை இங்கிருந்து அங்கே போன சரக்கு. இந்தியாவில் இருந்த ராணுவ அதிகாரிகள் நம் பயில்வான்கள் சுழற்றுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1830களிலேயே லண்டனில் டொனால்ட் வாக்கர் அதைப் புத்தகத்தில் ஏற்றிவிட்டார். அப்புறம் அமெரிக்கா வரைக்கும் போய், 1904-லும் 1932-லும் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது. 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கம் வாங்கிய ஜார்ஜ் ராத் அப்போது வேலையில்லாமல் இருந்தவர். மெடலோடு மைதானத்தைவிட்டு வெளியே வந்து, வழியில் போன வண்டியில் இடம் கேட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தாராம். ஆஸ்திரேலியாவில் காலிஸ்தெனிக்ஸ் என்றால் கம்பி கிடையாது. பெண் பிள்ளைகள் அணி அணியாக இசைக்கு ஏற்றபடி கட்டையும் கோலும் சுழற்றுகிறார்கள். ஊருக்கு ஊர் அதற்குக் கழகம், கழகத்துக்குக் கழகம் போட்டி. நம் ஊர் கட்டைக்கு அங்கே கிடைக்கிற மரியாதையைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் முந்தியது கல். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தநாடு மந்தில் (மந்து என்றால் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு) மொற்பர்த் பண்டிகையின்போது தோடர் இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்குமேல் போடுவதை வருடாவருடம் செய்தித்தாளில் படம் போடுகிறார்கள். சமவெளிக் கிராமத்து இளவட்டக்கல் மாதிரிதான் இதுவும். உடம்பைப் பழக்குவதற்கு இந்த மலைக்கு வெளியாள் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஊட்டி கிளப்பில் 1882-ல் ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டியதைப் பற்றிக் கட்டுரை எழுதாத பத்திரிகை இல்லை. அந்தக் கிளப்பின் படியேற முடியாத ஜனங்கள் மாலையில் என்ன விளையாடினார்கள் என்று எழுதத்தான் ஆள் இல்லை.

சரி, கம்பியும் கட்டையும் ஏன் இங்கே இப்படி நிலைத்தன? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. மலையில் சமதளம் கிடையாது. ஃபுட்பால் ஆட ஒரு மைதானம் வேண்டும். பந்து சரிவில் இறங்கிவிட்டால் எடுத்து வரவே அரை மணி ஆகும். கம்பி நட ஆறடி சமதளம் போதும். 1903-ல் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும், மேலே தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் இருந்தவர்களுக்கும் அந்த ஆறடிதான் கிடைத்தது. தண்ணீர்க் குழாய் ஒன்று, இரண்டு மரத்தூண், கீழே கொஞ்சம் மணல். வேலை முடிந்தது.

1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தமிழர்கள் வரத் தொடங்கினார்கள். 1968-ல் ஆரம்பித்த அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பலருக்கு வேலை கிடைத்தது. எங்கள் கொட்டகைக்கு உயிர் வந்ததே அவர்களால்தான் என்பேன். அங்கே தோட்டத்து லைன்களில் ஆடிய சிலம்பத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். கம்பிக்குக் காத்திருக்கிற நேரத்தில் கம்பு சுற்றுவது என்று ஒரு வழக்கமே உண்டானது. மொழியால் படுகரும் தமிழரும் கன்னடக்காரரும், ஊரால் உள்ளூரும் சிலோனும் ஒரே கம்பியில் வரிசையில் நின்ற இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. சண்டையே வராது என்று சொல்லவில்லை. வரிசையை யார் முந்தினார்கள் என்று தினமும் வரும்.

பள்ளிக்கூடப் பக்கம் இன்னொரு வழி. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார், பின்னாளில் அது கல்லூரியானது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவர்தான். அங்கே படித்த பி.டி. மாஸ்டர்கள் மாநிலம் முழுக்கப் போனார்கள், மாஸ் டிரில்லும் அவர்களோடு போனது. சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் டம்பெல், வளையம், சலங்கை கட்டிய லேசிம். அதே பிள்ளைகள் சாயங்காலம் கொட்டகைக்கு வந்து ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்கிற பிரமிட் பழகினார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியோடு சரி, கொட்டகைக்குள் விடமாட்டார்கள். எங்கள் கழகத்தின் குறை என்று எனக்குப் படுவது இதுதான். இன்று பூங்காவில் பெண்களும் கம்பி பிடிக்கிறார்கள் என்று உங்கள் கட்டுரையில் படித்தபோது, அந்த ஒரு விஷயத்தில் இந்தத் தலைமுறை எங்களை ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

குளிரைப் பற்றி உங்கள் நிருபர் எழுதவே இல்லை. டிசம்பர் காலையில் கம்பியைப் பிடித்தால் விரல் மரத்துப்போகும். அதனால் முதலில் தண்டால், பஸ்கி, உடம்பு சூடேறிய பிறகுதான் கம்பி. புதிதாக வருகிற பையன் நேராகக் கம்பிக்கு ஓடினால் பெரியவர்கள் காதைத் திருகி இறக்கிவிடுவார்கள். பனி நாளில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துவிடும், தேய்க்க யூகலிப்டஸ் தைலம்தான். மழைக்காலத்தில் வேறு கஷ்டம். ஜூனில் ஆரம்பித்தால் கம்பி துருவேறிக்கொண்டே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இளையவர்கள் வேலை. இன்றைய பையன்களில் பலர் வந்தவுடன் கம்பியில் ஏறித் தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வீடியோவில் அந்த முதல் அரை மணி நேரத்தை யாரும் காட்டுவதில்லை போலும்.

கொட்டகை போனதற்கு டிவியையோ மெஷின் ஜிம்மையோ காரணம் சொல்வார்கள். ஆள் குறைந்தது உண்மைதான், ஆனால் நின்றுபோகவில்லை. சீசனில் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று அந்தச் சமதளத்தை எடுத்துக்கொண்டார்கள், அன்றோடு நின்றது. எடுத்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம், அவர்களுக்கும் இந்த மலையில் வேறு சமதளம் இல்லை. மாற்று இடம் என்று காட்டியது ஒரு ஓடைக்கரை. இரண்டாவது மழையில் தூண் சாய்ந்தது.

ஆகவே உங்கள் இதழ் வழியாக ஒன்று கேட்கிறேன். 2024-ல் ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டு அங்கே பூங்கா அமைக்கப்போவதாக அறிவித்தது. 50 ஏக்கருக்கு மேல் சமதளம். இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு தரை இன்னொன்று காட்டுங்கள் பார்ப்போம். அதில் ஒரு ஓரமாக நாலு சென்ட் இடத்தில் கம்பி நட்டால் பூவுக்கோ புல்லுக்கோ ஒன்றும் குறைந்துவிடாது. நகராட்சிப் பூங்காக்களில் வைக்கிற மஞ்சளும் நீலமுமான இருக்கை மெஷின்கள் வேண்டாம். எங்கள் மழைக்கு அவற்றின் பேரிங் சீக்கிரம் இறுகிவிடுகிறது, பிறகு குழந்தைகள் ஊஞ்சலாடத்தான் உதவும். ஏழரை அடி உயரத்தில் ஒரு சிங்கிள் பார், பிள்ளைகளுக்கும் பழகுகிறவர்களுக்கும் தாழ்வாக இன்னொன்று, ஒரு டபுள் பார். தூண் துத்தநாகம் பூசிய கனத்த இரும்பு (ஜி.ஐ.) குழாயாக இருக்கட்டும். கீழே சிமென்ட் போட்டுவிடாமல் மணல் கொட்டச் சொல்லுங்கள், தண்ணீர் வடிய ஒரு சின்ன வாய்க்காலும் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
அருவங்காடு, நீலகிரி மாவட்டம்.