பணிய லயத்திலிருந்து ஒரு கணக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. மூன்று நாளாக மழை, கரண்டும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் உன் கணக்கோடுதான் பொழுது போனது. அம்மா சிரிக்கிறா, பென்சன் எடுத்தும் வாத்தியார் திருந்தவில்லையாம்.

கோட்டைக் கோடு வெட்டாமல் புள்ளிகளை இணைத்து, ஒரு புள்ளியை இரண்டு தரம் தொடாமல் ஐந்து புள்ளி வழியே போகும் பாதைகள் ஆகக்கூடுதலாக எத்தனை எடுக்கலாம் என்றாய். 202 புள்ளிக்கு 600 கோட்டுக்கு மேல் போட முடியாது, அது எனக்குத் தெரிந்ததுதான். அத்தனையையும் வலை மாதிரிச் சமமாகப் பரப்பினால் சரி என்று நினைத்தேன். ஒரு புள்ளியில் ஆறு கோடு என்று வைத்தாலும் பாதைகள் 76 ஆயிரத்தைத் தாண்டவில்லை.

பிறகு நம்ம தோட்டத்தை வரைந்தேன். மேலே கோயில், கீழே இஸ்டோரு (தேயிலைத் தொழிற்சாலை), நடுவில் வரிசையாக 200 காம்பரா, அதாவது லயத்து வீட்டு அறை. ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. கோடு 400தான். ஆனால் காம்பரா, கோயில், காம்பரா, இஸ்டோரு, காம்பரா என்று போகும் பாதைகள் 200 × 199 × 198. 78 இலட்சத்துக்கும் மேல்! வெள்ளைக்காரன் ரோட்டு வெட்டியதும் இப்படித்தான், எல்லாம் இஸ்டோருக்கு. லயத்துக்கு லயம் போகும் குறுக்குப் பாதை நம்ம சனம் மிதித்துப் போட்டது. (இஸ்டோரு வளைவில் மண் சரிந்தால் உன் 78 இலட்சமும் போச்சு, அது வேறு கதை.)

ஏழு புள்ளிப் பாதைக்கு, கோயில், இஸ்டோரு மாதிரி மூன்று மையத்தை முக்கோணமாக வைப்பதே சிறந்தது என்று கொக்ஸ், மார்ட்டின் என்ற கணித ஆய்வாளர்கள் காட்டியதாகச் சொன்னாய். நீளம் கூடினால் மையங்களை வளையமாக வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஊகம். ஒன்பது புள்ளிக்கு நாலு மையம். எனக்கு ஒரு சந்தேகம்: ஏன் வளையம்? நாலு மையத்தையும் ஒன்றோடொன்று முழுக்க இணைத்தாலும் கோடு வெட்டாதே. பாதையும் கூடுமல்லவா?

போட்டுப் பார்த்தேன். நாலு மையத்தை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு பக்கம். காம்பராக்களை அந்த ஆறு பக்கத்துக்கும் சமமாகப் பிரித்தால், அவற்றின் எண்ணிக்கையின் ஐந்தாம் வலுவில் ஏறக்குறைய 72இல் ஒரு பங்கு வருகிறது. வளையத்தின் நாலு பக்கத்துக்கும் பிரித்தால் 64இல் ஒரு பங்கு. நாலு மையத்தையும் ஒவ்வொரு தரம் தொட்டுப் போகும் வழி வளையத்தில் 12இலிருந்து 4 ஆகக் குறைகிறது, ஆனாலும் வளையமே வெல்கிறது. சமமாகப் பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்று தொடங்கினேன், விளக்கில் எண்ணெய் முடிந்துவிட்டது.

72 சரியா என்று பார்த்து எழுது. போனில் சொல்லாதே, இங்கே சிக்னல் விட்டு விட்டுத்தான் வருகிறது.

அப்பா